'வெந்துபோச்சு' என்ற சொல்லும் பாவாயியின் வலக்கையும்

1

மலாயாவில் காசு மரத்தில் காய்க்கிறது என்று மல்லசமுத்திரம் சந்தையில் எவனாவது சொன்னால், சொன்னவன் வாயில் ஒரு லோட்டா சுடுகாப்பியை ஊற்றிவிடுங்கள். நாக்கு பொத்துப்போனால் நாலு நாளைக்காவது ஊரில் பொய் குறையும். இங்கே மரத்தில் இருப்பது ரப்பர்ப் பால். அதையும் விடிகிற நேரத்தில் கொசுக்கடியில் நின்று பட்டையைச் சீவிக் கோப்பையில் சொட்டுச் சொட்டாக வடித்து எடுக்கவேண்டும். பவுன் காய்க்கிற மரத்தை நானும் வந்த நாளாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் பால் வெட்டுகிறவன் அல்ல. இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். டாக்டர் மாசத்தில் இரண்டொரு தரம் காரில் வந்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார். அவர் வராத நாளெல்லாம் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுகிறவன் நான். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே கரும்பும் கடலையும் விளைந்த காட்டைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு, திருச்செங்கோட்டில் படித்த அரைகுறை இங்கிலீஷை நம்பிக் கப்பல் ஏறினேன். ஏறிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கப்பல் இறங்கிய நாள் வந்தால் என் வீட்டுக்காரி நல்லம்மாள் வருஷம் தவறாமல் பாயசம் வைப்பாள். ஏன் வைக்கிறாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடல் தாண்டியதற்கெல்லாம் பாயசம் என்றால், அந்தக் கப்பலை ஓட்டினவனுக்கு எத்தனை அண்டா வைப்பது? கேட்டால் கோபித்துக்கொள்வாள். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டு குடித்துவிடுவேன்.

போன வாரம் அந்த நாள் வந்தது. பாயசம் அடுப்பிலிருந்து இறங்குவதற்குள் என் மகள் ருக்குமணி கிண்ணத்தை நீட்டினாள். கரண்டி தட்டி, கொதிக்கிற பாயசம் அவள் புறங்கையில் விழுந்தது. "பானாஸ்! பானாஸ்!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பானாஸ் என்றால் மலாய்க்காரர்கள் பாஷையில் சூடு. பெற்ற பிள்ளை வலியில் கத்துவதுகூட அடுத்த வீட்டுப் பாஷையில்! நல்லம்மாள் அவள் கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக்கொண்டு, "ஐயோ, கொழந்த கை வெந்துபோச்சுங்களே!" என்று என்னைக் கூப்பிட்டாள்.

அழுதுகொண்டிருந்த பெண் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். "அம்மா, சோறுதானே வேகும்? கை எப்படி வேகும்?" என்று கேட்டாள். கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் மாதாமாதம் பணம் கட்டிப் படிக்கவைக்கிறேன். வெள்ளைக்கார ராஜாக்களின் பேரை வரிசையாக ஒப்பிப்பாள். கை வேகும் என்பது தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த கிண்ணத்தைச் சுவரில் வீசியிருப்பேன். கிண்ணம் பீங்கான் என்பதால் கீழே வைத்தேன்.

2

நம் பக்கத்தில் நெருப்புப் பட்டால் 'சுட்டுப்போச்சு' என்போம். கொதிதண்ணீர், கஞ்சி, ஆலையில் காய்கிற கரும்புப்பாகு இவை பட்டால் 'வெந்துபோச்சு'. சொட்டு எண்ணெய் தெறித்துக் கொப்புளம் கிளம்பினால் 'பொத்துப்போச்சு'. நாக்கானால் எது பட்டாலும் பொத்துத்தான் போகும். இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தருகிறதில்லை. பிள்ளை அடுப்பங்கரையில் தவழும்போதே தெரிந்துகொள்ளும்.

இங்கிலீஷ்காரன் இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சளைத்தவன் இல்லை. காய்ந்த சூட்டுக்கு ஒரு சொல், ஈரச் சூட்டுக்கு 'ஸ்கால்டு' என்று வேறொரு சொல் வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. ஒரு தரம் ரசச்சட்டி கவிழ்ந்து தொடை வெந்த ஒரு பெரியவரை நான் நெருப்புக் கட்டத்தில் எழுதிவிட்டேன். டாக்டர் வந்தார். பெரியவர் கட்டிலில் புழுவாகத் துடிக்கிறார். டாக்டரோ பேனாவை எடுத்து என் எழுத்தை அடித்து, பக்கத்துக் கட்டத்தில் அழகாக மாற்றி எழுதி, மை காயும்வரை ஊதிவிட்டு, அதற்குப் பிறகுதான் தொடையைப் பார்த்தார். கட்டம் சரியாக இருந்தால் போதும். ஆள் எப்படிப் போனால் என்ன?

ஆனால் அவன் சொல் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடும். நம் சொல் அப்படி நிற்கிறதா? சக்களத்தி பிள்ளை பெற்றால் மூத்தவளுக்கு வயிறு வேகும். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் அதே வயிறுதான் வேகும். மகளைக் கரையேற்றாத தகப்பன், "எங்கட்டை வேகாது" என்பான். ஏமாற்ற வந்தவனிடம், "உம்பருப்பு இங்க வேகாது, போ" என்போம். நட்டநடு மத்தியானத்தில் கடலைக்காட்டுக்கு நடந்தால் அது வேகாத வெயில். வேகாத வெயிலில் ஏன் தலை வேகிறது என்று ருக்குமணி கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? மடையன் அரைவேக்காடு. கிணற்றடியில் சண்டை வந்தால், "நீ வெந்து போவ!" என்று மண்ணை வாரித் தூற்றுவார்கள்.

இவ்வளவையும் அன்றைக்குக் குழந்தைக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். நல்லம்மாள் நடுவில் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் போனதற்குக் காரணம் உண்டு. இந்தத் தோட்டத்தில் ஆறேழு மாசத்துக்கு முன்னால் அதே சொல் ஒரு பொம்பளையின் தலையில் தீர்ப்பாக விழுந்தது. நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

3

ஊரில் நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். இளவட்டங்களுக்காகச் சொல்லுகிறேன்.

நான் கப்பலேறுவதற்குக் கொஞ்சம் முந்தி எங்கள் ஊரில் ஒரு பிராது. நல்லதம்பி என்பவர் ராத்திரியோடு ராத்திரியாக எல்லைக்கல்லை நகர்த்திவிட்டார் என்று பக்கத்துக் காட்டுப் பழனியப்பன் சொன்னார். பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. இரண்டு வீட்டாரும் ஒருவர் காட்டு வழியாக ஒருவர் நடப்பதில்லை. கடைசியில் மாரியம்மன் கோவில் முன்னால் எண்ணெய் காய்ச்சிக் கை விடுவது என்று பேசி முடித்தார்கள். நிரபராதி கையை அம்மன் வேகவிடமாட்டாள் என்பது பேச்சு.

அது பேச்சு மட்டும்தான். அடுப்பை மூட்டுவதற்கு முன்னாலேயே பிராது கொடுத்தவர் வீட்டுப் பெண்கள் அரிசிமாவும் வெல்லமும் கலந்து கச்சாயத்துக்கு மாவு கரைத்து வைத்துவிடுவார்கள். மாவுப் போசி அடுப்புக்குப் பக்கத்திலேயே மூடி இருக்கும். கை விடுகிறவருக்கும் அது தெரியும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரவேட்டியோடு வந்து, அம்மனைக் கும்பிட்டு, கையைக் கொப்பரைக்கு மேலே கொண்டுபோவார். கை இறங்கும். எண்ணெய்க்கு ஒரு சாண் உயரத்தில் பிராது கொடுத்தவரின் தாய்மாமன் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். "போதுஞ் சாமி! நம்புனோம்!" என்பார். அவ்வளவுதான் வழக்கு. பிறகு அதே எண்ணெயில் கச்சாயம் சுட்டு இரண்டு வீட்டாரும் ஒரே தட்டத்தில் எடுத்துத் தின்பார்கள்.

அன்றைக்குப் பழனியப்பனின் தாய்மாமனுக்கு இளைப்பு நோய். சரியான சமயத்தில் இருமல் வந்துவிட்டது. நல்லதம்பி கையை எண்ணெய்க்கு மேலே வைத்துக்கொண்டு தலையை மட்டும் திருப்பி, "ஏனுங் மாமா, வாரீங்களா இல்லீங்களா? ஆவி அடிக்குதுங்க!" என்றார். கூட்டமே சிரித்துவிட்டது. அவர் இருமிக்கொண்டே வந்து பிடித்தார்.

கல் நகர்ந்ததா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக யாரும் அங்கே கூடவில்லை. சாட்சி இல்லாத இடத்திலும் அடுத்த காட்டுக்காரனை நம்பித்தானே பிழைக்கவேண்டும்? கையைப் பிடிக்காமல் விட்டு, அது வெந்துபோனால் வெந்தவனுக்குக் கேவலமில்லை. நின்று பார்த்தவர்களுக்குத்தான் கேவலம். எங்கேயோ ஒரு ஊரில் அப்படி விட்டுவிட்டார்களாம். அந்த ஊருக்குப் பெண் கொடுக்கவும் அங்கிருந்து பெண் எடுக்கவும் ஆளில்லாமல் போயிற்று என்று என் அப்பா சொல்லுவார்.

இதைச் சொன்னபோது ருக்குமணி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். முடிந்ததும், "கச்சாயம்னா என்னப்பா? கேக்கா?" என்றாள். கேக்காம்! போகட்டும், கேட்கவாவது செய்தாள்.

4

இந்தத் தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் கோவில் இருக்கிறது. தகரக் கூரை. கோவில் சின்னதானாலும் கமிட்டி பெரிது. தலைவர், உபதலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் என்று ஊரில் தாலுகா ஆபீசில்கூட இல்லாத பதவியெல்லாம் உண்டு. ரப்பர் ஸ்டாம்பு வைத்திருக்கிறார்கள். அம்மனுக்கு விளக்கு ஏற்ற எண்ணெய் வாங்கவும் அதைக் குத்துவார்கள். தலைவர் எங்கள் பெரிய கங்காணி செங்கோடன். எடப்பாடிப் பக்கத்திலிருந்து ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்து, அவர்களுக்கு மேலே நின்று வேலை வாங்கியே பெரியமனுஷன் ஆனவர். ஊரைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார். ஊர் வழக்கம், ஊர் மானம், ஊர் கட்டுப்பாடு! ஊருக்குக் கடைசியாகப் போனது எப்போது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பாவாயி எங்கள் பக்கத்துக்காரி, மல்லசமுத்திரத்துக்குக் கிட்டத்துக் கிராமம். புருஷனோடு வந்தாள். புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. பிள்ளை இல்லை. பால் வெட்டிப் பிழைத்துக்கொண்டு, சாயங்காலத்தில் கோவிலைக் கூட்டி விளக்கு வைத்துவந்தாள். வாயாடி இல்லை. ஆனாலும் யாருக்கும் குனியமாட்டாள். கங்காணிமாருக்கு அது பிடிப்பதில்லை.

திருவிழா முடிந்து பார்த்தால் அம்மன் கழுத்தில் தாலிப்பொட்டைக் காணோம். பவுன் பொட்டு. கோவிலுக்குள் கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் போய் வந்திருந்தார்கள். ஆனால் கூட்டுகிறவள் பாவாயி அல்லவா? அவள்தான் எடுத்திருப்பாள் என்று ஆயிற்று. "எடுக்கலீங்க" என்றாள். போலீசுக்குப் போனால் தோட்டத்துக்குக் கேவலம் என்றார் செங்கோடன். "நம்மூரு வழக்கப்படி எண்ணெயில கைய உடட்டும். அம்மா காட்டுவா" என்றார். காரியதரிசி அதைத் தீர்மானமாக எழுதினார். ஸ்டாம்பு குத்தியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அன்றைக்கு நான் இங்கே இல்லை. டாக்டர் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவனுக்குக் கால் அறுக்க என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். பொழுது சாயத் திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாவாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலக்கை மணிக்கட்டுக்குக் கீழே விரல் விரலாகத் தெரியவில்லை. அதன்மேல் சாம்பலும் மஞ்சளும் அப்பி வைத்திருந்தார்கள், புண்ணியவான்கள்! அவள் அழவில்லை. என்னைப் பார்த்ததும், "சாமி, தண்ணி குடுங்க" என்று மட்டும் கேட்டாள்.

நடந்ததை நல்லம்மாள்தான் சொன்னாள். அவளும் கூட்டத்தில் நின்றிருந்தாள். பாவாயி தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு நேராக நடந்து வந்தாளாம். பயமே இல்லையாம். கையை மெதுவாக இறக்கினாளாம். நடுவில் ஒருதரம் நிறுத்தி, கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாளாம்.

"பாத்தாளா? அப்பறம் ஏன் ஒருத்தரும் புடிக்கல?" என்றேன்.

"நான் கங்காணியத்தானுங்க பாத்துக்கிட்டிருந்தேன். இப்பப் புடிப்பாரு, இப்பப் புடிப்பாருன்னு. அவரு காரியதரிசியப் பாத்தாரு. காரியதரிசி கீழ பாத்துக்கிட்டு நின்னாருங்க."

"நீ போய்ப் புடிச்சா என்ன?"

"பொம்பள போயி சபையில கையப் புடிக்கலாமுங்களா?"

"மாவு கரைச்சு வெச்சிருந்தாங்களா?"

"இல்லீங்க. எண்ணெய் மட்டுந்தான் காஞ்சுது" என்றாள்.

மாவு இல்லாமல் எண்ணெய் காய்கிறது, அதைப் பார்த்தும் இத்தனை பெண்களுக்கும் உறைக்கவில்லை! ஊரில் பிராது என்றால் அதற்கு ஒரு முகம் இருக்கும். அந்த முகத்துக்கு ஒரு தாய், அந்தத் தாய்க்கு ஒரு உடன்பிறந்தான் இருப்பான். இங்கே பிராது கொடுத்தது கமிட்டி. கமிட்டிக்கு ஏது தாய்மாமன்? ஊர் வழக்கத்தில் பாதியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டு, கையைப் பிடிக்கிற பாதியைக் கரையிலேயே போட்டுவிட்டு வந்த கூட்டம் இது. கை எண்ணெய்க்குள் போனதும் செங்கோடன் ஓடி வந்தாராம். தடுப்பதற்கு இல்லை. குனிந்து பார்த்துவிட்டு, "வெந்துபோச்சு! அம்மா காட்டிட்டா!" என்று கூவினாராம்.

தூ! கொதிக்கிற எண்ணெயில் விட்டால் எந்தக் கைதான் வேகாது? அம்மன் கையைக் கல்லில் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அதுவும் வெந்துதான் போகும்.

5

சுண்ணாம்புத் தெளிவையும் தேங்காயெண்ணெயையும் அடித்துத் துணியில் நனைத்து வைத்து வைத்துத்தான் அந்தக் கையைக் காப்பாற்றினேன். காப்பாற்றினேன் என்றால், அழுகாமல் காப்பாற்றினேன். விரல்கள் உள்ளே மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கத்தி பிடிக்க முடியாது. சோறு பிசைய முடியாது.

டாக்டர் வந்து பார்த்தார். கட்டம் சரியாக இருந்தது, ஸ்கால்டு. "எதனால்?" என்று கேட்டார். கொதிக்கிற எண்ணெய் என்றேன். "என்ன பொரித்துக்கொண்டிருந்தாள்?" என்றார். ஒன்றும் பொரிக்கவில்லை என்றேன். "ஒன்றும் பொரிக்காமல் எதற்கு எண்ணெய் காய்ச்சினார்கள்?" என்று கேட்டார். அந்த மனுஷன் வாழ்நாளில் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். நான் நடந்ததைச் சொன்னேன். "உங்கள் ஜனங்களின் சமாசாரம்" என்று தோளைக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னேன். கோவில் விஷயத்தில் தலையிடுவதில்லை என்று அவரும் கையைக் கழுவிவிட்டார். கழுவுவதற்கு அவர்களுக்கெல்லாம் கை நன்றாக இருக்கிறது.

ஒருநாள் கட்டு மாற்றும்போது என்னால் அடக்க முடியவில்லை. "ஏம்மா, கங்காணி சொன்னா நீயும் உட்டுருவியா? மாட்டேன்னு சொல்றதுக்கென்ன?" என்று கத்தினேன்.

"புடிப்பாங்கன்னுதானுங்க நெனச்சேன்" என்றாள். "எங்கப்பாரு ஒருக்கா இப்பிடித்தான் கை உடப் போனாரு. ஆளுக்காளு ஓடியாந்து புடிச்சாங்க. தாய்மாமன் வரங்காட்டியும் தாங்கலீன்னு பங்காளிகளே புடிச்சுப்போட்டாங்க. அந்த நெனப்புலதான் நடந்தேன். நின்னவங்க பூராம் நம்ம பக்கத்துச் சனமுங்களே சாமி! எல்லாருந் தெரிஞ்ச மொகம். கை உள்ள போனப்பறந்தான் தெரிஞ்சுது, இங்க எனக்கு ஒருத்தருமில்லைன்னு."

எனக்கு நெஞ்சு வெந்துவிட்டது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டான்.

பொட்டு இன்றுவரை கிடைக்கவில்லை. அவள் எடுத்தாளா என்று நான் கேட்கவே இல்லை. எடுக்கவில்லை என்றாள், நம்புகிறேன். கேட்காமல் நம்புவதற்குத்தானே ஊரில் அந்த ஏற்பாட்டையே செய்து வைத்திருந்தார்கள்?

6

கை வெந்தது போதாதென்று கமிட்டி அவளைக் கோவிலுக்குள் வரக்கூடாது என்றது. குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். இதற்கிடையில் ரப்பர் விலை விழுந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்துக் கப்பல் ஏற்றுகிறார்கள். துரை இங்கேயும் அனுப்பவேண்டியவர்களின் பேரைக் கேட்டார். வேலைக்கு ஆகாத கை என்று செங்கோடன் முதல் ஆளாகப் பாவாயி பேரைச் சொன்னார். சொல்லிவிட்டு, மூக்குச் சளிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"நல்ல காரியம் பண்ணீங்க, கங்காணியாரே" என்றேன். "அனுப்புங்க. தாராளமா அனுப்புங்க. உங்க பையனுக்கு மல்லசமுத்திரத்துப் பக்கந்தானுங்களே பொண்ணு பேசியிருக்கறீங்க?"

"ஆமாங்க. தை மாசம் வெச்சுக்கலாமுன்னு..."

"பாவாயிக்கும் அதே பக்கந்தானுங்க. போயி எறங்குனதும் சனம் முதல்ல எதப் பாக்கும்?"

மனுஷனுக்கு முதலில் விளங்கவில்லை. மருந்தை வாயில் ஊற்றிக்கொண்டார். பிறகு விளங்கிவிட்டது. மருந்து இறங்கவில்லை. "அட கெரகமே!" என்றார். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! தோட்டத்தில் கங்காணி சொல்வது தீர்ப்பு. அதே கையை அங்கே ஒரு ஆடு மேய்க்கிறவன் பார்த்தால்கூட, இவளுக்கு ஏன் ஒருவரும் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை என்றுதான் கேட்பான். ஊர் வழக்கம், ஊர் மானம் என்று தொண்டை கிழியக் கத்தினவருக்கு ஊரில் அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கே துரை பங்களாவுக்கு ஓடினார். பாவாயி பேரை எடுக்கவேண்டும், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிற வேலை கொடுக்கலாம் என்றார். துரை வேண்டாமென்றும் சொல்லவில்லை. மறுநாள் கமிட்டி கூடி விலக்கை நீக்கியது. அதற்கும் ஒரு தீர்மானம்! சாயங்காலம் செங்கோடன் தாமே அவள் லயத்து வீட்டு வாசலுக்குப் போனார். கட்டுப் பிரிக்க நான் அங்கே இருந்தேன்.

"பாவாயி, நடந்தது நடந்துபோச்சு. நீ எங்கயும் போகோணுமின்னு இல்ல. ஒக்காந்த எடத்துல வேலை. அடுத்த நோம்பிக்குக் கோயல்ல மொதப் பொங்கப் பானை உன்னோடதுதான்" என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கையிலயாங்க பொங்கப்பானை தூக்கறது?" என்றாள்.

"ஆள் வெச்சுத் தூக்கலாம். இங்கயே இரு சாமி. ஊர்ல உனக்கு என்ன இருக்குது?"

"அண்ணன் இருக்குதுங்க. சந்தை இருக்குதுங்க. நா போறேனுங்க கங்காணி."

அவர் காலில் விழாத குறை. நான் கத்திரிக்கோலைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் எனக்கு இந்தத் தோட்டத்தில் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான் என்று எழுதக் கூச்சப்படவில்லை.

வீட்டுக்கு வந்து இதை ஊருக்கு எழுதப்போகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டிருந்த நல்லம்மாள் முகம் மாறிவிட்டது. "எழுதிப் போடாதீங்க" என்றாள். "நமக்கும் ஒரு பொண்ணு இருக்குது. நாளைக்கு ருக்குமணிக்கு அங்கதானே மாப்பள பாக்கோணும்? நானும் அங்க நின்னனுங்களே!" என்று அழுதாள். கங்காணியைப் பார்த்துச் சிரித்த வாய் எனக்கு அப்படியே மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு பேனாவை எடுப்பேன், வைப்பேன். பாயச நாளன்று அவள் எழுந்து உள்ளே போனது இதனால்தான்.

7

முந்தாநாள் காலையில் கப்பலுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ள லாரி வந்தது. பெட்டி, கோழிக்கூடு, அழுகை, மூக்குச்சிந்தல். செங்கோடன் ஒரு பட்டுச் சால்வையோடு வந்து நின்றார். "கடல் காத்துக் குளுரும். போத்திக்க. கையும் உள்ள இருக்கட்டும்" என்றார். பாவாயி அதை இடக்கையால் வாங்கி, பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் தோளில் போட்டுவிட்டு லாரிப் பக்கம் நடந்தாள்.

நல்லம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். கிட்டே வரவில்லை. பாவாயியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

புண் ஆறிவிட்டது என்றாலும் தோல் மெல்லிசு. உப்புக்காற்றுப் பட்டால் வெடிக்கும். நான் கட்டுத்துணியோடு போய், "கையக் குடு, ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு கட்டுப் போட்டு உட்டுடறேன்" என்றேன்.

"வேண்டாஞ் சாமி" என்றாள். "கட்டியிருந்தா, என்னாச்சுன்னு எங்கிட்டக் கேப்பாங்க. தொறந்து கெடந்தா எங்கிட்ட ஒருத்தருங் கேக்க மாட்டாங்க. கூட நின்னவங்க ஆரு ஆருன்னுதான் கேப்பாங்க."

லாரி போய்விட்டது. நான் நேராக வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். பாவாயி சந்தைக்கு வருவாள். அவளை ஒன்றும் கேட்காதீர்கள். நின்றவர்கள் பேரை நான் தருகிறேன். முதல் பேர் நல்லம்மாள், என் பெண்சாதி.